பங்குனியில் மஞ்சளாகும் வாலாட்டி: சம்பை எப்போது எடுக்கலாம்?

வயல்வெளி:
எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். புரட்டாசியில் தொழி உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளோடு மங்கலான சின்னக் குருவிகள் ஓடிவரும். வால் ஒரு நிமிடம் நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இப்போது மாசிக் கடைசி. அறுத்த தாளில் மாடு மேய்கிற இடத்தில் வயிறு பளிச்சென்று மஞ்சளாக உள்ளவை நிற்கின்றன. இரண்டும் ஒன்றா? சாயங்காலமானால் எல்லாம் கண்மாய்ப் பக்கம் பறக்கின்றன. அங்கே மண்டிக் கிடக்கும் சம்பு என்னும் உயரமான கோரையை அடுத்த வாரம் கொளுத்தப் பேச்சு நடக்கிறது. இவற்றுக்கு ஏதாவது ஆகுமா?

நாணல்:
ஒன்றேதான். மஞ்சள் வாலாட்டி. மாசி, பங்குனியில் இறகு மாற்றிக்கொண்டு நிறம் ஏறும். தலையையும் கவனியுங்கள். அடர்சாம்பல் தலை ஓர் இனப்பிரிவு. வெளிர்சாம்பல் தலையும் வெள்ளைப் புருவமும் என்றால் இன்னொன்று. வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் கறுப்பு வெள்ளைக் குருவி வெண்புருவ வாலாட்டி, அது வேறு.

குளத்தங்கரை:
நான் திருநெல்வேலிப் பக்கம். நீங்கள் கண்மாய் என்பதை நாங்கள் குளம் என்போம். 11 வருடமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் குளத்தங்கரைக்குப் போய்விடுவேன்.

இந்தக் குருவிக்கு வயல் சாப்பாட்டு இடம், சம்பு படுக்கை. பகலில் மாட்டுக் காலடியில் கிளம்பும் பூச்சியைப் பிடிப்பதை எல்லோரும் பார்க்கிறோம். இரவில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சூரியன் இறங்க அரை மணி இருக்கும்போது கரையில் நின்று பாருங்கள். ‘ஸ்வீ, ஸ்வீ’ என்று குரல் கொடுத்தபடி ஐந்தும் பத்துமாக வரும். குளத்தை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கல்லை எறிந்ததுபோல் சம்புக்குள் விழும். போன தை மாதம் ஒருநாள் 300 வரை எண்ணினேன், அதற்குள் இருட்டிவிட்டது. பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் அத்தனையும் சட்டென்று அடங்கிவிடும்.

ஒரு மாசியில் எங்கள் குளத்துச் சம்பையும் கொளுத்தினார்கள். மறுநாள் சாயங்காலம் அதே நேரத்துக்கு வந்தன. கருகின இடத்துக்கு மேலேயே சுற்றின, இறங்கவில்லை. நான் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு தூரத்துக் கரும்புக் காட்டில் கொஞ்சம் பார்த்தேன்.

17, 18 கிராம் உடம்பு. அதை வைத்துக்கொண்டு கஜகஸ்தான், ரஷ்யா பக்கத்து ஈரப் புல்வெளிகளுக்குத் திரும்ப வேண்டும். அங்கே தரையில் புல்லுக்குள் கூடு கட்டும். கிளம்புமுன் தின்று கொழுப்புச் சேர்க்கிற நாட்கள் இவை. இப்போது போய் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

சம்பை எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மடையை அடைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். சித்திரை பாதி வரை பொறுங்கள், அதற்குள் போய்விடும். அப்புறம் எடுக்கும்போதும் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு திட்டை விட்டுவையுங்கள். கரையை ஒட்டிய சம்பு உதவாது, பூனையும் கீரியும் நடந்தே போய்விடும்.

வயல்வெளி:
நேற்று எங்கள் நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னது போலவே வந்து விழுந்தன. “இத்தனை நாள் காத்துல சம்பு ஆடுதுன்னு நெனச்சேன்” என்றார் அவர். மடைக்கு முன்னால் உள்ளதை மட்டும் இப்போது அறுத்துவிட்டு, மற்றதைச் சித்திரைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே ஊரில் பேசுகிறேன் என்கிறார். விடவேண்டிய திட்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

குளத்தங்கரை:
அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அளவை நாமாக முடிவு செய்ய வேண்டாம். இன்னும் மூன்று சாயங்காலம் இரண்டு பேரும் போய், எந்த இடத்தில் விழுகின்றன என்று பாருங்கள். மறுநாள் பகலில் அந்த இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அறுக்க வருகிற ஆட்களுக்கு அது போதும்.