பெற்றோரின் நிறத்தை வைத்துக் குழந்தையின் நிறத்தைச் சொல்லிவிட முடியுமா?

கணக்கன்:
முடியும் என்பதே என் கட்சி. கருமை ஓங்கு பண்பு, அதாவது மற்றதை மறைத்து வெளியே தெரிவது; வெளிர்மை ஒடுங்கு பண்பு, அதாவது மறைந்து நிற்பது. ஒவ்வொரு ஜீனும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும்; ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமென்றால் இரண்டு பிரதியும் அதுவாகவே இருக்க வேண்டும். அப்படியானால் வெளிர் நிறப் பெற்றோருக்குக் கருமையான குழந்தை பிறக்க வழியில்லை. மெண்டல் பட்டாணிச் செடியில் காட்டியது இதைத்தான்.

தாரகை:
கணக்கன், பட்டாணிப் பூவுக்கு அது சரி. தோலுக்குப் பொருந்தாது. பிறவியிலேயே நிறமி குன்றிப்போகும் வெண்மை நோயையே (அல்பினிசம்) எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒடுங்கு பண்புதான். நிறமி உருவாகத் தேவையான ஜீன்களில், தந்தைக்கு டிஒய்ஆர் ஜீனின் இரண்டு பிரதியும் பழுது, தாய்க்கு ஓசிஏ2 ஜீனின் இரண்டு பிரதியும் பழுது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்குமே நிறமி இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆனால் குழந்தைக்குத் தாயிடமிருந்து நல்ல டிஒய்ஆர் ஒன்றும் தந்தையிடமிருந்து நல்ல ஓசிஏ2 ஒன்றும் வந்துவிடும். நிறமி வழக்கம்போல உருவாகும். உங்கள் விதி முதல் படியிலேயே உடைகிறதே!

கணக்கன்:
அது நோய். நான் இயல்பான நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரே ஜீன் நிறத்தைத் தீர்மானிப்பதற்குச் சான்று வேண்டுமா? பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவு மக்களுக்குத் தோல் நல்ல கருமை. ஆனால் அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பொன்னிற முடி. வெயிலும் கடல் உப்பும் வெளுக்க வைத்தது, ஐரோப்பியக் கலப்பு என்றெல்லாம் பேசினார்கள். 2012-இல் பார்த்தால், டிஒய்ஆர்பி1 ஜீனில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது, அந்த ஜீன் உருவாக்கும் புரதத்தின் 93-ஆவது அமினோ அமிலம் வேறாகியிருக்கிறது. அவ்வளவுதான். அதுவும் ஒடுங்கு பண்பு. கறுப்பு முடிக்காரர்கள் இருவருக்குப் பொன்முடிப் பிள்ளை பிறப்பது மெண்டல் கணக்குப்படியே நடக்கிறது.

தாரகை:
நல்ல எடுத்துக்காட்டு, முழுக்க ஏற்கிறேன். ஆனால் அந்த மாறுபாடு ஐரோப்பியர்களிடம் இல்லை. அவர்களின் பொன்முடிக்கு வழி வேறு. கேஐடிஎல்ஜி என்ற ஜீனிலிருந்து சுமார் 3,50,000 எழுத்துகள் தள்ளி ஓர் எழுத்து மாறியிருப்பதை 2014-இல் கண்டார்கள். ஜீன் அப்படியே இருக்கிறது, முடி வேரில் அது வேலை செய்யும் அளவு மட்டும் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. கண்ணுக்கு ஒரே நிறம், உள்ளே வெவ்வேறு காரணம்! முடியைப் பார்த்து ஜீனைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

செம்முடி இன்னும் தெளிவு. எம்சி1ஆர் ஜீனின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால் செம்முடி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். 2018-இல் பிரிட்டனில் சுமார் மூன்றரை லட்சம் பேரின் தரவைப் பார்த்தபோது, அப்படி இரண்டும் மாறியவர்களில் பெரும்பாலோருக்குப் பொன்னிற முடி அல்லது வெளிர் பழுப்பு முடிதான் இருந்தது. மற்ற ஜீன்களும் குறுக்கே நிற்கின்றன.

பூவரசி:
இடையில் வருகிறேன், மன்னியுங்கள். என் மகள் எங்கள் இருவரையும்விடக் கருமை. கணக்கன் சொன்ன அதே விதியைச் சொல்லித்தான் என்னிடம் சந்தேகமாகக் கேட்டார்கள். ஒருவர் இல்லை, பலர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே யாராவது சொல்வீர்களா?

தாரகை:
சொல்கிறேன் அக்கா. எஸ்எல்சி24ஏ5 என்றொரு ஜீன். 2005-இல் வரிக்குதிரை மீனில் கண்டுபிடித்து, பிறகு மனிதர்களிடம் பார்த்தார்கள். அதன் வெளிர் வடிவம் ஐரோப்பியர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்திலும் பரவலாக உண்டு, ஆனால் எல்லோரிடமும் இல்லை. உங்கள் இருவரிடமும் வெளிர்ப் பிரதி ஒன்று, கருமை தரும் பழைய பிரதி ஒன்று இருந்தால், குழந்தைக்கு இரண்டுமே பழைய பிரதியாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. இது ஒரு ஜீன் கணக்கு மட்டும். இப்படிப் பல ஜீன்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். இருவரிடமிருந்தும் கருமைப் பக்கப் பிரதிகள் அதிகமாக வந்து சேர்ந்தால் குழந்தை இருவரையும்விடக் கருமையாகத்தான் இருக்கும். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. உங்கள் உள்ளங்கையையும் புறங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே உடல், ஒரே டிஎன்ஏ, நிறம் எவ்வளவு வேறு! உள்ளங்கையின் அடித்தோல் செல்கள் டிகேகே1 என்ற புரதத்தை அதிகம் சுரந்து, நிறமியை உருவாக்கும் செல்களான மெலனோசைட்டுகளை அடக்கி வைக்கின்றன. ஜீன் இருப்பது பாதிக் கதைதான், அது எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பது மீதி.

கணக்கன்:
பூவரசி, நான் எழுதியது உங்களுக்கு இப்படி வந்து விடியும் என்று நினைக்கவில்லை. வருந்துகிறேன். தோலைப் பொறுத்தவரை என் விதியைத் திரும்பப் பெறுகிறேன். முடி விஷயத்தில், சாலமன் தீவு போன்ற இடங்களில், மெண்டல் நிற்கிறார் என்பதில் மாற்றமில்லை. அப்புறம் ஒரு கேள்வி: தடயவியலில் டிஎன்ஏவின் 41 இடங்களை மட்டும் படித்துக் கண், முடி, தோல் நிறத்தைக் கணிக்கிறார்களே, அது எப்படி?

தாரகை:
அங்கே அந்த ஆளின் டிஎன்ஏவையே படிக்கிறார்கள், கணக்கன். பெற்றோரின் முகத்தையல்ல. அப்போதும் வருவது "இந்த நிறமாக இருக்க இத்தனை வாய்ப்பு" என்ற எண்தான்.

பூவரசி:
இரண்டு பேருக்கும் நன்றி. அந்த நான்கில் ஒன்று கணக்கைத் தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை யாராவது கேட்டால் அதைக் காட்டப்போகிறேன்.