பெட்ராவுக்கு அரை நாள் எப்படிப் போதும்?

*குழு: நம்ம வீட்டு வாசல்*
*சனிக்கிழமை, இரவு 8:40*

நான்: சித்தி, ஜோர்டான் பயணத்துக்கு ஏஜென்சியில் திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். அக்டோபரில் ஐந்து நாள். இரண்டாம் நாள் காலையில் தலைநகர் அம்மானிலிருந்து கிளம்பி, மலையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ரா, அன்று இரவே சாக்கடல் ஓட்டல். அம்மா, அப்பா, நான், அவர், நாலு பேர். நீங்கள் போய் வந்தவர்கள், பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி: முதலில் அந்த இரண்டாம் நாளை அடித்துவிடு கண்ணு. அம்மானிலிருந்து பெட்ரா போகவே மூன்று மணி நேரம் ஆகும். எங்களையும் ஒரு டூர்க்காரர் இப்படித்தான் கூட்டிப் போனார். பதினொன்றரைக்கு இறக்கிவிட்டு இரண்டரைக்கு வண்டிக்கு வரச் சொன்னார். கஸ்னா முன்னால் நின்று ஒரு படம் எடுத்தோம், திரும்ப நேரமாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் டாக்சி பிடித்துத் திரும்பவும் போனோம்.

அப்பா: கஸ்னா என்றால் எல்லாப் படத்திலும் காட்டுவார்களே, அந்த ரோஜா நிற முகப்பா?

சித்தி: அதேதான் அத்தான். ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். கல் அடுக்கிக் கட்டியதில்லை, மலையை மேலிருந்து கீழே குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். கஸ்னா என்றால் கருவூலம். ஆனால் அடியில் தோண்டியபோது கிடைத்தவை கல்லறைகள். உச்சியில் கல்லாலான ஒரு கலசம் இருக்கும். அதற்குள் புதையல் இருக்கிறதென்று நம்பி பெதூயின்கள் என்கிற பாலைவன நாடோடிகள் அந்தக் காலத்தில் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். குண்டு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கலசமோ உள்ளே வெற்றிடமே இல்லாத முழுக்கல்.

சித்தப்பா: சகலை, என்னைக் கட்டிப்போட்டது கஸ்னாவுக்குப் போகிற வழிதான். ஸீக் என்பார்கள். 1.2 கிலோமீட்டர் நீள மலை இடுக்கு, சில இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் பக்கச் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால், மறு பக்கம் சுடுமண் குழாய் பதித்த தடம். குழாய்த் துண்டுகள் சில இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒன்றின் வாய் அடுத்ததற்குள் செருகியபடி. முப்பது வருடம் குடிநீர் வேலை பார்த்தவன் நான். அந்த வாட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டே நடந்தேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை!

தம்பி: சுற்றிலும் பாலைவனம்தானே சித்தப்பா, தண்ணீர் ஏது?

சித்தப்பா: மேலே வாடி மூசாவில், அதாவது பெட்ராவை ஒட்டிய ஊரில், ஒரு ஊற்று உண்டு. அப்புறம் மழைநீர். மழை அபூர்வம், பெய்தால் ஒரே மூச்சில் வெள்ளமாக இறங்கிவிடும். அதனால் ஸீக் வாசலில் ஓர் அணை போட்டு, வெள்ளத்தைப் பாறைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். பெட்ராவை உருவாக்கிய நபட்டேயர்கள் குந்திரிக்கம், வெள்ளைப்போளம் என்று வாசனைப் பிசின்கள் ஏற்றிய ஒட்டகங்களை வைத்துச் சம்பாதித்தவர்கள்தான், ஆனால் அந்த ஊரை வாழவைத்தது இந்தத் தண்ணீர்க் கணக்கு. கி.பி. 106இல் ரோமானியர் கைக்குப் போனது. பிற்காலத்தில் அணை பராமரிப்பில்லாமல் போக, 1963இல் வெள்ளம் புகுந்து சுற்றுலா வந்தவர்கள் பலர் ஸீக்கிலேயே இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அணையை மறுபடி எழுப்பினார்கள். மழை எச்சரிக்கை என்று வாசலை மூடினால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அம்மா: எல்லாம் சரிடி, என் முட்டி இருக்கிற இருப்பில் நான் எங்கே நடப்பது?

சித்தி: கஸ்னா வரை பேட்டரி வண்டி விடுகிறார்கள் அக்கா, தனிக் கட்டணம். ஆனால் போகும்போது மெதுவாக நடந்து போ, இறக்கம்தான். திரும்பும்போது வண்டி பிடி. மலை மேலே கஸ்னா மாதிரியே குடைந்த அத்-தெய்ர் மட்டும் உனக்கு வேண்டாம், 800 படிக்கு மேல். கழுதையில் ஏற்றிவிடுகிறேன் என்று வருவார்கள், ஏறாதே. படியெல்லாம் தேய்ந்து வழுக்கும், அந்த ஜீவனும் பாவம்.

சித்தி: பாப்பா, அத்-தெய்ருக்கு நீயும் மாப்பிள்ளையும் பிற்பகலில் ஏறுங்கள். சாய்ந்த வெயில் அதன் முகத்தில்தான் விழும். கஸ்னாவுக்கு வெயில் காலை ஒன்பது, பத்து மணிக்கு. ஒரே நாளில் இரண்டுக்கும் ஓடினால் ஸீக்கை யார் பார்ப்பது?

நான்: டிக்கெட் இரண்டு தடவை எடுக்க வேண்டுமா?

சித்தப்பா: ஜோர்டான் பாஸ் எடு, பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு. நாங்கள் எடுத்தபோது பெட்ரா ஒரு நாளுக்கு 70 தினார், இரண்டு நாளுக்கு 75. ஐந்து தினார்தான் கூட. வாடி ரம் பாலைவனம், ஜெராஷ் என்கிற பழைய ரோமானிய நகரம், இரண்டின் நுழைவும் அதில் அடங்கும். குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசா கட்டணமும் கிடையாது. ஆனால் இங்கிருந்தே ஆன்லைனில் வாங்கிவிட வேண்டும்.

அப்பா: சாக்கடலில் இறங்கலாமா? எனக்கு நீச்சல் வராதே.

சித்தி: முட்டியளவு ஆழத்தில் அப்படியே மல்லாந்து சாயுங்கள் அத்தான், தண்ணீரே தூக்கிக்கொள்ளும். குப்புற மட்டும் திரும்பக் கூடாது, நிமிர்வது கஷ்டம், ஆபத்து. அன்று ஷேவ் வேண்டாம், எரியும். நான் ஈரக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் துடித்துப்போனேன். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கரையில் இருக்கட்டும்.

சித்தப்பா: கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. உப்பு சாதாரணக் கடலைப்போல் பத்து மடங்கு. வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஜோர்டான் ஆற்றுத் தண்ணீரை மேலேயே பாசனத்துக்கும் குடிக்கவும் எடுத்துவிடுகிறார்கள், தாது எடுக்கும் பாத்திகள் வேறு. கரையில் பழைய நீர்மட்டம் வரி வரியாகத் தெரிகிறது. பார்க்க மனசு கனத்துவிட்டது.

தம்பி: வாடி ரம்?

சித்தி: ஒரு இரவு கூடாரத்தில் தங்குங்கள், ஸ்வெட்டர் மறக்காதீர்கள். மணலுக்கு அடியில் புதைத்து ஸர்ப் சமைப்பார்கள். கறி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் ஒரே அடுக்கில் வெந்து வரும். அக்காவுக்கு ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை மசியலும் ரொட்டியும் எங்கேயும் கிடைக்கும். தக்காளியை வதக்கி கலாயத் பந்தோரா என்று தருவார்கள், நம் தொக்குக்குப் பக்கத்து வீடு.

நான்: அப்படியானால் முதல் நாள் ஜெராஷ் பார்த்துவிட்டு இரவு அம்மான். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பி பெட்ரா, இரவு வாடி மூசாவிலேயே. மூன்றாம் நாளும் பெட்ரா. நாலாம் நாள் வாடி ரம். ஐந்தாம் நாள் சாக்கடல். சரியா?

சித்தி: சரி. ஜெராஷில் அந்த நீள்வட்டத் தூண் முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், போதும்.

அப்பா: சகலை, அந்தக் குழாய்ப் படம் இருக்கிறதா?

சித்தப்பா: 📷 அளவு தெரிய என் பேனாவைப் பக்கத்தில் பிடித்திருக்கிறேன், பாருங்கள்.

அப்பா: இணைப்பில் சுண்ணாம்புப் பூச்சுகூடத் தெரிகிறதே! பாப்பா, ஏஜென்சியில் நாளைக் காலையே பேசிவிடு.