பாதி கட்டுன வீட்டை விட்டுட்டுப் போன புரோட்டெசிலாஸ், வேற கதை தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வளவுவீட்டுப்பையன், காரைக்குடி:
லீவுல ஹோமரோட இலியட் படிச்சிட்டிருக்கேன், கிரேக்கங்க கப்பல் ஏறி ட்ராய் மேல சண்டைக்குப் போன காவியம், ரெண்டாவது காண்டத்துல யாரு எத்தனை கப்பல் கொண்டு வந்தான்னு பக்கம் பக்கமா கணக்கு வருது, நம்ம ஊர் மொய் நோட்டு தோத்துச்சு போங்க, தூங்கியே போயிட்டேன். அதுல பிலாக்கே ஊர்க்காரன் புரோட்டெசிலாஸ்னு ஒருத்தன், 40 கப்பல். ட்ராய் கரையில மொதல்ல குதிச்சதும் அவன்தான், குதிச்ச உடனே செத்ததும் அவன்தான். ஊர்ல பொண்டாட்டி கன்னத்தைக் கீறிக்கிட்டு நிக்கிறா, வீடு பாதியில நிக்குது, அவ்ளோதான், ஹோமர் அவன் தம்பி கதைக்குப் போயிடுறாரு. எனக்கு அந்த வீட்டை விட்டு நகர முடியல. பாதி வீடுன்னா நிஜமாவே கட்டி முடிக்காத வீடா?

பழையபேப்பர்:
மொதல்ல கால் வைக்கிறவன் சாவான்னு குறி சொல்லியிருந்தாங்க தம்பி, அதான் யாரும் எறங்கல. கொன்னது ட்ராய் இளவரசன் ஹெக்டர்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க, ஹோமர் பேரே சொல்லல. பொண்டாட்டி லாவோடமியா, 3 மணி நேரம் மட்டும் புருஷனைத் திருப்பிக் குடுங்கன்னு தெய்வங்கள்கிட்ட கெஞ்சி வாங்குனவ. அவன மாதிரியே ஒரு வெண்கல பொம்மை வச்சிருந்தா, அப்பன்காரன் அதை நெருப்புல போடவும் இவளும் விழுந்துட்டா. பாதி வீடுன்னா பிள்ளை இல்லாத குடும்பம்னு அர்த்தம் சொல்றவங்களும் உண்டு.

கண்டனூர் ஆச்சி:
அப்படி அர்த்தம் சொன்னவுக வீடு கட்டிப் பாத்திருக்க மாட்டாக. எங்க அப்பத்தாவுக்கு 3 பிள்ளைக, வீடு பாதிதான். முகப்பு, பட்டாலை, வளவு எல்லாம் முடிஞ்சு மாடி மட்டும் உத்தரத்தோட நிக்குது, அப்பத்தா வீட்டுக்கார ஐயா பர்மாவுல கொண்டுவிக்க, அதான் யாவாரத்துக்கு, போயிருந்தாக, 1942ல ஜப்பான்காரன் வந்தான், கடுதாசி நின்னு போச்சு. மாடித் தரைக்குன்னு வாங்குன ஆத்தங்குடிக் கல்லு வைக்கோல் சுத்துனபடி ரெண்டாங்கட்டு மூலையில அடுக்கியிருக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப அப்பத்தா ஒக்காந்து எண்ணும், ஒண்ணு கொறஞ்சாலும் அன்னைக்குப் பூரா ஏச்சுத்தான்.

உப்புக்கண்டம்:
வீடுன்னதும் ஹெரோடோட்டஸ், அந்தக் கால கிரேக்க வரலாற்று ஆசிரியர், எழுதுனது ஞாபகம் வருது. ட்ராய்க்கு எதிர்க்கரையில எலயூஸ்ங்கிற ஊர்ல புரோட்டெசிலாஸுக்கு சமாதி, கோயிலாவே கும்பிட்டாங்க, காணிக்கை ஏகத்துக்கும். அர்தாயிக்டஸ்னு ஒரு பாரசீக அதிகாரி செர்க்சஸ் ராஜாகிட்ட, உங்க மண்ணு மேல படையெடுத்து வந்து செத்த கிரேக்கன் ஒருத்தனோட வீடு இருக்கு, எனக்குக் குடுங்கன்னு கேட்டான். கோயில்னு வாயத் திறக்கல பாருங்க, எமகாதகன்! மொத்தத்தையும் சுருட்டிட்டான். அப்புறம் ஏதென்ஸ்காரங்க அவனைப் பிடிச்சு வச்சிருந்தப்ப காவக்காரன் சுட்ட கருவாடு நெருப்புல துள்ளுச்சாம், காஞ்சு செத்துக் கெடந்தாலும் புரோட்டெசிலாஸ் என்னை விடமாட்டான்னு அர்தாயிக்டஸே சொல்லி, 300 தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு) தர்றேன்னு பேரம் பேசிப் பாத்தான், ம்ஹூம், பலகையில வச்சு ஆணி அறைஞ்சுட்டாங்க.

வளவுவீட்டுப்பையன்:
ஆச்சி, அந்தக் கல்லு இன்னும் இருக்கா? ஒரு போட்டோ போடுங்களேன்.

கண்டனூர் ஆச்சி:
இருக்கு தம்பி. போன பொங்கலுக்கு நான் எண்ணுனப்ப 312. சாவி சித்தப்பா வீட்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை வாங்கிப் போயி எடுத்துப் போடுறேன்.