மறைந்த லாக்ராஸ் பயிற்சியாளருக்கு நினைவு ஆட்டம்: எப்படி நடத்துவது?

நடுக்களம்:
எங்கள் லாக்ராஸ் (நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) கிளப்பில் ஆடி, பிறகு பயிற்சியாளராகி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனவர் காலமாகிவிட்டார். அவர் நினைவாக ஓர் ஆட்டம் நடத்தி, அவருடைய 17ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பேச்சு. பழைய ஆட்டக்காரர்கள் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எந்த வடிவம் சரிவரும்? அஞ்சலியை எப்போது வைப்பது?

வலைக்காவல்:
சிக்ஸஸ் என்ற குறுவடிவத்தை வையுங்கள், ஆனால் விதிகளை அப்படியே எடுக்காதீர்கள். களத்தில் அணிக்கு 6 பேர், 70 × 36 மீட்டர் களம், 8 நிமிடக் கால்பகுதி நான்கு. தாளில் பார்த்தால் சுலபம். களத்தில் 30 விநாடி ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்ததும் அதற்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கெடு, மூச்சு வாங்க விடாது. போதாக்குறைக்கு, கோல் விழுந்ததும் ஃபேஸ்-ஆஃப் (நடுவில் வைத்த பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் போட்டியிடுவது) கிடையாது. கோல்கீப்பரே பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். ஷாட் கிளாக்கை நிறுத்திவிடுங்கள், உடல்மோதலுக்குத் தடை போடுங்கள், மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து அணிக்கு வழக்கமான 12 பேருக்குப் பதில் 16 பேரை வையுங்கள்.

மௌன அஞ்சலியும் பேச்சும் வார்ம்-அப்புக்கு முன்பே முடியட்டும். உடம்பைச் சூடேற்றிவிட்டு இருபது நிமிடம் நிற்கவைத்தால், முதல் ஓட்டத்திலேயே நாலு பேர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். குடும்பத்தாரை அழைத்துச் சடங்காக ஒரு ஃபேஸ்-ஆஃப் வைக்கலாம். நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடிகாரம் ஓடக்கூடாது.

பழையமட்டை:
வடிவத்தைவிடப் பாதுகாப்பில்தான் நினைவு ஆட்டங்கள் கோட்டைவிடுகின்றன. பரணிலிருந்து இறக்கிய தோள்கவசத்தோடு வருவார்கள். மார்பில் தவறான கணத்தில் பந்து பட்டால் இதயத்துடிப்பு குலைந்து நின்றுவிடலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஜார்ஜ் போயார்டி 2004இல் ஆட்டத்தின்போது மார்பில் பந்து பட்டுச் சரிந்து இறந்தார். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆண்கள் ஆட்டங்களில் இப்போது இதயப் பகுதியைக் காக்கும் தரச்சான்று பெற்ற கவசம் கட்டாயம். அந்த முத்திரை இல்லாத கவசத்தோடு யாரையும் இறக்காதீர்கள். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க உதவும் ஏ.இ.டி. கருவி களத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும், பூட்டிய அறையில் அல்ல. இதயம் நின்றபின் சிகிச்சையின்றிப் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

பந்துகளையும் பாருங்கள். பளபளவென்று வழுக்கத் தொடங்கியவை மட்டையின் வலையிலிருந்து தாறுமாறாகப் போகும், ஒதுக்கிவிடுங்கள்.

கரையோரம்:
17க்கு ஓய்வு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்சி கண்ணாடிப் பெட்டிக்குள் போனால், ஐந்து வருடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அது யாருடையது என்றே தெரியாது. அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லாக்ராஸ் நட்சத்திரம் கேரி கெய்ட் அணிந்த 22ஐப் பிறகு பவல் சகோதரர்கள் மூவரும் அணிந்தார்கள். எண்ணின் மதிப்பு கூடத்தான் செய்தது. ஆண்டுதோறும், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு 17ஐக் கொடுங்கள். கோல் கணக்குப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

வசூலாகும் பணத்தைக் கோப்பையில் கொட்டாமல் 12 பேருக்கான ஹெல்மெட், கையுறை, கவசம், மட்டை வாங்கி இரவல் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, பதிவேட்டுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரண்டு பேர் பொறுப்பு என்றால் கையுறை ஜோடி ஜோடியாகக் காணாமல் போகும்.

நடுக்களம்:
எண்ணைக் கைமாற்றுவது பிடித்திருக்கிறது, குழுவில் பேசுகிறேன். அவருடைய பழைய மர மட்டையைக் கிளப்பில் மாட்டலாமா?

பழையமட்டை:
மாட்டலாம். வலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தோல்வார் இழுபட்டுத் தலைப்பகுதி கோணும். கைப்பிடியை இரண்டு இடத்தில் தாங்கிப் படுக்கையாக வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம், தோல் காய்ந்து வெடிக்கும். முதலில் குடும்பத்தாரைக் கேளுங்கள். வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹோடெனோஷோனி மக்களிடம் ஆட்டக்காரரோடு மட்டையையும் சேர்த்துப் புதைக்கும் வழக்கம் உண்டு. இவருடைய வீட்டாருக்கும் மட்டையைப் பற்றி வேறு எண்ணம் இருக்கலாம்.