புதுப்பிப்பு: காட்டு வான்கோழிக்கு எந்த அம்புமுனை?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசந்தகால வில் வேட்டைக்கு நிலையான பிளேடு முனையா, பட்டதும் விரியும் முனையா என்று முன்பு கேட்டிருந்தேன். விரியும் முனையே எடுத்துவிட்டேன்: எடை 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்), வெட்டு 2 அங்குல அகலம். வான்கோழி பார்க்கத்தான் பெரிசு, பாதி இறகு. உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவுதான். கசியும் ரத்தத்தை இறகே உறிஞ்சிவிடும், அடிபட்டதும் பறந்தும் விடும். தடம் பார்த்துத் தேடுவது பெரும்பாடு. அதனால்தான் வெட்டு அகலமாக வேண்டும். பக்கவாட்டில் நின்றால் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் குறி வைப்பேன்.

கழுத்தை வெட்டும் நீள பிளேடு முனையைச் சிலர் சொன்னீர்கள். அதற்கு நீளமான தனி அம்பு வேண்டும், சாதாரண அம்புக்கூட்டிலும் அடங்காது. எனக்குச் சரிவராது.

அப்புறம், புது முனையும் பயிற்சி முனையும் 20 கஜத்தில் ஒரே இடத்தில்தான் விழுகின்றன. அதற்கு மேல் தூரத்தில் எய்யப் போவதில்லை.