கலைச்சொல் விவாதம்: ‘பெஞ்ச் வாரண்ட்’ – மன்றவழிப் பிடியாணை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நீதிமன்ற நடைமுறைச் சொற்பட்டியலில் ‘பெஞ்ச் வாரண்ட்’ (நீதிமன்றத்துக்கு வராதவர் போன்றோரைப் பிடித்துவர நீதிபதி தாமே இடும் ஆணை) என்ற பதிவுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: அமர்வுப் பிடியாணை, ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை, தலைமறைவுப் பிடியாணை. மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உள்ளது. அதற்கான காரணத்தை, இந்த ஆணை மக்கள் குறைவான ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவு) எப்படிப் பிறக்கிறது, எப்படி முடிகிறது என்பதை வைத்துச் சொல்கிறேன்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் 93 கவுண்டிகளில் பரப்பளவில் பெரியது செர்ரி கவுண்டி. (கவுண்டியை மாவட்டம் என்று எழுதினால், கவுண்டி நீதிமன்றத்துக்கு மேலே இருக்கும் ‘டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’டுக்கு வேறு பெயர் தேடவேண்டியிருக்கும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.) கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிய அந்த நிலப்பரப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 5,455 பேர்தான் வாழ்கிறார்கள். நீதிமன்றம் இருப்பது வாலன்டைன் என்னும் தலைமை ஊரில். மேற்கே மெர்ரிமனில் இருப்பவர் ஒரு போக்குவரத்து வழக்குக்காக அங்கே வருவதென்றால் சுமார் அறுபது மைல் வண்டி ஓட்டவேண்டும். போதாக்குறைக்கு, கவுண்டியின் மேற்குப் பகுதி மவுண்டன் நேரத்தையும் கிழக்குப் பகுதி சென்ட்ரல் நேரத்தையும் பின்பற்றுகின்றன. ஆகவே மேற்கிலிருந்து தம் வீட்டுக் கடிகாரப்படி ஒன்பது மணிக்கு வந்து சேருபவர், நீதிமன்றக் கடிகாரப்படி பத்து மணிக்கு வந்தவராகிவிடுகிறார்.

அவருடைய பெயர் அழைக்கப்படும்போது அவர் அங்கே இல்லை என்றால், நீதிபதி தம் இருக்கையில் இருந்தபடியே அவரைப் பிடித்துவர ஆணையிடலாம். அதற்கு யாரும் புகார் தரவேண்டியதில்லை. அழைத்த நேரத்தில் ஆள் இல்லை என்பதற்கு வழக்குக் கட்டே சாட்சி. சாதாரணக் கைது ஆணை இப்படிப்பட்டதன்று. அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்தின்படி, ஒருவர் குற்றம் செய்திருக்கக்கூடும் என்பதற்குத் தகுந்த காரணத்தைக் காவல் அதிகாரி உறுதிமொழியின் பேரில் எடுத்துச் சொன்ன பிறகே நீதிபதி அதில் கையெழுத்திட முடியும். இரண்டிலும் கையெழுத்திடுபவர் நீதிபதிதான் என்றாலும் ஒன்றுக்கு ஊற்று காவல் துறை, மற்றதற்கு ஊற்று நீதிமன்றமே. நாம் தேடும் சொல் இந்த வேறுபாட்டைத்தான் சுமக்கவேண்டும் என்பது என் வாதம்.

நம்மூர்க் குற்றவியல் நீதிமன்றத்தில் இருந்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார், ஆள் வரவில்லை, வக்கீலும், அன்று ஆள் வராததைப் பொறுத்தருளக் கேட்கும் ‘317’ மனுவைப் போடவில்லை, அன்றைய குறிப்பில் பிடியாணை என்று எழுதப்பட்டுவிடுகிறது. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 355 ஆகிவிட்டது, ஆனாலும் வராண்டாவில் இன்னும் 317தான் வழங்குகிறது.) இந்த ஒற்றுமையை வைத்தே ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை’ போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். ஆனால் பெஞ்ச் வாரண்டில் பெரும்பாலும் பிணைத்தொகை குறிக்கப்பட்டே இருக்கும். நெப்ராஸ்காவில் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டி வெளியே வர நீதிமன்றம் அனுமதிக்கலாம். அப்படியிருக்க, வெளிவரவே முடியாது என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினால் படிப்பவர் தேவையில்லாமல் அஞ்சுவார்.

‘அமர்வுப் பிடியாணை’ முதல் பார்வையில் கச்சிதமாகத்தான் இருக்கிறது. இரு நீதிபதிகள் அமர்வு, முழு அமர்வு என்று எழுதிப் பழகிய நமக்கு அது இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ‘அமர்வு நீதிமன்றம்’ என்றால் செஷன்ஸ் கோர்ட். அமர்வுப் பிடியாணை என்று படிக்கும் வழக்கறிஞர், கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிபதி போட்ட வாரண்ட் என்றே முதலில் எடுத்துக்கொள்வார். வேகமாக வண்டி ஓட்டியதற்கான அபராத வழக்கிலும் பிறக்கக்கூடிய ஓர் ஆணைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

‘தலைமறைவு’ என்பதை நான் வலுவாக மறுக்கிறேன். நெப்ராஸ்காவின் 14 கவுண்டிகளில் சிறு குற்ற வழக்குகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வழக்குத் தேதியை நினைவூட்டும் அஞ்சலட்டை எதுவும் பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்ன அட்டையைப் பெற்றவர்களில் அது 8.3 விழுக்காடாகக் குறைந்தது. ஓர் அஞ்சலட்டைக்குக் கட்டுப்பட்டு வந்துவிடுகிறவர் ஓடி ஒளிந்தவராக இருக்க முடியாது. தேதியை மறந்தவர், முகவரி மாறியதால் கடிதம் கிடைக்காதவர், அன்றைக்கு வண்டி கிளம்பாதவர் எல்லாரையும் தலைமறைவானவர் என்று அழைக்கும் சொல், நீதிமன்றம் இன்னும் சொல்லாத ஒரு தீர்ப்பைத் தானே சொல்லிவிடுகிறது. ‘வாராமை’ என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆஜராகாமை என்றும் இலங்கையில் முன்னிலையாகாமை என்றும் எழுதுவார்கள். இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றே வாராமையைத் தேர்ந்தேன்.

இருந்தாலும் வாராமை மட்டும் போதாது. அபராதத்தைக் கட்டாவிட்டாலும், நன்னடத்தைக் காலத்து நிபந்தனையை மீறினாலும், நீதிமன்றத்தை அவமதித்தாலும் இதே ஆணை பிறக்கிறது. எனவே பொதுப்பெயராக ‘மன்றவழிப் பிடியாணை’ என்பதை முன்வைக்கிறேன். தமிழ்வழிக் கல்வி, வாய்வழி மருந்து என்று வழங்கும் அதே ‘வழி’தான் இது. இதற்கு இணையாக, காவல் துறையின் உறுதிமொழியிலிருந்து பிறக்கும் கைது ஆணையைப் ‘புகார்வழிப் பிடியாணை’ எனலாம். மன்றவழியின் வகைகளாக வாராமைப் பிடியாணையும் செலுத்தாமைப் பிடியாணையும் அமையும். இரண்டாவதைச் ‘செலுத்த மறுத்தமை’ என்று எழுதிவிடக் கூடாது. கட்ட வழியில்லாமல் கட்டாதவரா, வசதி இருந்தும் கட்டாதவரா என்று விசாரிக்காமல் அபராதப் பாக்கிக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று ஜார்ஜியா மாநிலத்து பியர்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாப் பிடியாணையும் நீதிமன்றத்திலிருந்துதானே வருகிறது, ‘மன்றவழி’ எதைப் பிரித்துக் காட்டுகிறது என்று அம்மையார் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்தச் சொல்லின் பயன் ஆணையை முடித்துவைக்கும்போதுதான் தெரியும் என்பது என் பதில். தன்மேல் ஆணை இருக்குமோ என்று ஐயப்படுபவர் முதலில் ஷெரிஃப் (கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரி) அலுவலகத்தைத்தான் நினைக்கிறார். சில கவுண்டிகளில் ஷெரிஃபின் வலைப்பக்கத்தில் பெயர்ப்பட்டியலும் இருக்கும். ஆனால் ஷெரிஃபின் கடமை ஆணையை நிறைவேற்றுவது. நேரில் போய்க் கேட்பவரை அங்கேயே பிடித்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு, ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் ஆணையிட்ட நீதிமன்றத்திடம் இருப்பதால், நீதிமன்ற எழுத்தரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி வழக்கு எண்ணையும் பிணைத்தொகையையும் தெரிந்துகொள்வதும், வழக்கறிஞர் வழியாக ஆணையைத் திரும்பப் பெறக் கோரி மனுப் போடுவதும், நீதிபதி வரும் நாளில் நேரில் நிற்பதும்தான் வழி. சிறிய கவுண்டிகளில் ஒரே நீதிபதி பல ஊர்களுக்குச் சுற்றி வருவதால், அவர் எந்த நாளில் வருவார் என்பதை எழுத்தரிடம் முன்பே கேட்டுக்கொள்வது முக்கியம். பெயரிலேயே மன்றம் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரையோ நிறைவேற்றப்படும்வரையோ பிடியாணை உயிரோடிருக்கும் என்று இந்தியாவின் புதிய நடைமுறைச் சட்டம் 72ஆம் பிரிவில் சொல்வதும் இதையேதான்.

இதைத் ‘திரும்பப் பெறுதல்’ என்பதா, இலங்கைச் செய்திகளில் வருவதுபோல ‘மீளப் பெறுதல்’ என்பதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இரண்டையும் பதிவில் சேர்க்கலாம். ‘வாரண்ட் ரீகால்’ என்று மட்டுமே பேசிப் பழகிய நம் வக்கீல் குமாஸ்தாக்களுக்கும் இரண்டும் புரியும். நிறைவேறாமல் கிடப்பதை ‘நிலுவைப் பிடியாணை’ எனலாம். 2016இல் யூட்டா மாநிலத்து ஸ்ட்ரீஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமயோர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், அரசுத் தரவுத்தளங்களில் அப்படி 78 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் கிடக்கின்றன என்றும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு குற்றங்களுக்கானவையாகத் தெரிகின்றன என்றும் குறிப்பிட்டார். ஆனால் எல்லா ஆணையும் நாடு தழுவிய தரவுத்தளத்தில் ஏறுவதில்லை. சிறு வழக்குக்காக வெளிமாநிலத்திலிருந்து ஆளை அழைத்துவரும் செலவை ஏற்கச் சிறிய கவுண்டி விரும்பாமல், மாநிலத்துக்குள் அகப்பட்டால் போதும் என்ற வரம்போடு ஆணையை விட்டுவைப்பதுண்டு. ஆகவே பக்கத்து மாநிலத்தில் காவலர் நிறுத்திச் சோதித்து அனுப்பிவிட்டார் என்பது ஆணை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. டெக்சாஸ் மாநில வழக்கில் பெஞ்ச் வாரண்ட் என்றால் பெரும்பாலும் வேறு பொருள்: சிறையில் இருக்கும் ஒருவரை விசாரணைக்காகக் கவுண்டிக்குக் கொண்டுவரும் ஆணை. வராதவரைப் பிடிக்கும் ஆணையை அங்கே ‘கேபியஸ்’ என்றும், அபராதம் கட்டாதவருக்கானதைக் ‘கேபியஸ் புரோ ஃபைன்’ என்றும் சொல்கிறார்கள். பின்னிரண்டும் நம் வாராமை, செலுத்தாமைப் பிடியாணைகளில் அடங்கிவிடும். முதலாவது, தமிழ்நாட்டில் ‘பி.டி. வாரண்ட்’ என்று சொல்கிறோமே, அதுவேதான். அதற்குக் ‘கொணர்வாணை’ என்ற சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், ஆட்கொணர்வு மனு அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கைதி முன்னிலை ஆணை’ என்று தற்காலிகமாகக் குறித்து, டெக்சாஸுக்கு மட்டும் தனிப் பதிவாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். சிறைத்துறைக் கடிதப் போக்குவரத்தைத் தமிழில் பார்த்த அனுபவமுள்ளவர்கள் குழுமத்தில் இருந்தால், அங்கே பி.டி. வாரண்டுக்கு ஏற்கனவே வழங்கும் தமிழ்ச் சொல் எது என்று தெரிவியுங்கள். அது கிடைத்ததும் இந்தப் பதிவை முடித்துவிடலாம்.

அன்புடன்.