மின்மாற்றிக்கு மறுவண்ணமா, மறுபூச்சா?

அன்புடையீர், வணக்கம்.

மின்மாற்றிகளுக்கு ரீபெயிண்டிங் செய்வதைக் குறிக்க 'மறுவண்ணமிடல்', 'காப்புப் பூச்சு' என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. சேலத்திலும் ஏற்காட்டிலும் துணைமின் நிலையப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 'மறுபூச்சு' என்பதே போதும் என்று கருதுகிறேன்.

முதலில் வண்ணத்தைப் பார்ப்போம். மின்மாற்றியின் சுருள்களையும் எண்ணெயையும் அடக்கிய எஃகுத் தொட்டியின் மேலுள்ள பெயிண்ட், எஃகு துருப்பிடிக்காமல் இருக்கவும், எண்ணெய் சுமந்து வரும் வெப்பம் தடையின்றி வெளியேறவும் உதவுவதற்கே இருக்கிறது. ஐ.எஸ். 5 என்னும் இந்தியத் தர நிறப் பட்டியலின் 631ஆம் எண் வெளிர்சாம்பல் நம் நாட்டில் வழக்கமாகக் கேட்கப்படுவது உண்மைதான். ஆனால் நிறம் வேலையின் நோக்கமன்று. சேலத்துக்கு அருகே ஓர் ஆலையில், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மின்மாற்றிக்கு அலுமினியப் பெயிண்ட் அடித்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு போல மின்னுகிறது என்று மகிழ்ந்தார்கள். உலோகத் துகள் கலந்த பெயிண்ட், வெப்பக் கதிரை வெளிவிடுவதில் சாதாரண எனாமலைவிடப் பின்தங்கியது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உலோகத் துகள் இல்லாவிட்டால், சாம்பலோ பச்சையோ வெள்ளையோ, தொட்டியின் வெப்பநிலையில் அவை வெளிவிடும் கதிர் ஏறத்தாழ ஒன்றுதான். எனவே வெப்பம் வெளியேறுவதைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது பெயிண்டின் சரக்கு. வண்ணத்தைப் பெயரிலேயே வைத்தால் கவனம் தவறான இடத்துக்குப் போகும்.

'காப்புப் பூச்சு' இன்னும் சிக்கலானது. மின்னியலில் 'காப்பிட்ட கம்பி' என்று எழுதிப் பழகிய நமக்குக் காப்பு என்றால் மின்னோட்டத்தைத் தடுப்பது. மாக்னசைட் தூசி பறக்கும் சுரங்கப் பகுதி போன்ற இடங்களில், மின்கம்பி தொட்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள பீங்கான் புஷிங் மீது தூசும் ஈரமும் படிந்து மின்கசிவு ஏற்படாதிருக்கச் சிலிக்கோன் பூச்சு இடுவது உண்டு. அதைத்தான் காப்புப் பூச்சு என்று சொல்ல வேண்டும். தொட்டிக்கும் அதே பெயரை எழுதிக் கொடுத்தால், துணி சுற்றி மறைக்க வேண்டிய புஷிங்கின் மீதே பெயிண்டர் தூரிகையை வைத்துவிடக்கூடும்.

'மறுபூச்சு' என்பதற்கும் நியாயமான மறுப்பு ஒன்று வந்திருக்கிறது. பூச்சு வேலை என்றால் கொத்தனார் சிமெண்டைத்தான் நினைப்பார். பெயிண்டை நாம் 'அடிக்கிறோம்', பூசுவதில்லை. பேச்சுவழக்கு அப்படித்தான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உலோகத்தின் மேல் மெல்லிய படலம் ஏற்றுவதற்குப் 'பூசு' என்ற வினை நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. என் சிறுவயதில், ஈயம் பூசுபவர் தெருமுனையில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவித் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஈயம் ஏறுவதோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பூசிய ஈயம் தேய்ந்தால் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

மின்மாற்றி வேலையும் இப்படித்தான். மூடியின் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். பிறகு பிசுக்கைக் கரைப்பான் கொண்டு துடைத்த பின்னரே துருவைச் சுரண்ட வேண்டும். முறை மாறினால் வயர் பிரஷ், பிசுக்கை நல்ல இடத்துக்கும் பரப்பிவிடும். ஏற்காட்டில் இதற்கு மேல் ஒரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலும் இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம் என்பது விதி. மின்னிணைப்பைத் துண்டித்து ஓர் இரவு ஆறவிட்ட தொட்டியில், மலைமூட்டம் விலகாத காலையில், கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அவசரப்பட்டு ஒரு முறை அப்படி அடிக்கவிட்டேன். மறுவாரமே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அன்றைக்கு வண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை.

'பூச்சு' என்று கொண்டால் அடிப்பூச்சு, இடைப்பூச்சு, மேற்பூச்சு எல்லாம் தாமாகவே அமைந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது, எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குச் செய்யும் முறை. அதன் தகடுகளுக்கு இடையே தூரிகை நுழையாது, தெளிப்பானும் முழுதும் எட்டாது என்பதால், மேலிருந்து குழாயால் பெயிண்டை ஊற்றி, வழிந்து வருவதைக் கீழே தட்டில் பிடித்து மறுபடியும் ஊற்றுவார்கள். எங்கள் ஆட்கள் இதை 'ஊத்தி எடுக்கறது' என்பார்கள். 'வார்ப்புப் பூச்சு' என்றால், தோசை வார்க்கும் வீட்டாருக்குப் புரிந்தாலும், பட்டறைக்காரருக்கு வார்ப்பிரும்பு நினைவுக்கு வந்துவிடும். 'வழிபூச்சு' என்று வினைத்தொகையாக வைக்கலாம். சுடுசோறு, ஊறுகாய் போல, வழிந்த, வழிகின்ற, வழியும் பூச்சு என்று மூன்று காலமும் அதில் அடங்கும். பாதை என்று பொருள்படும் 'வழி' குறுக்கிடும் என்று அஞ்சுபவர்கள் 'ஊற்றுப்பூச்சு' என்று கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை.

பெயிண்ட் போன இடத்தில் மட்டும் அடிக்கும் டச்-அப் என்பதற்குத்தான் சரியான சொல் அகப்படவில்லை. 'திட்டுப்பூச்சு' என்று எழுதிப் பார்த்தேன். கீறல் விழுந்த தொட்டியைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் செய்வதும் அதைத்தான் என்று உடனிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.